தாயுமானவர் மலையிலிருந்து கீரிமலைக்கு

காவிரிக் கரையில் தாயுமானவரைத் தொழுது புறப்படும் அடியவர், அன்றைய பொழுது சாயுமுன் ஈழத்துக் கீரிமலைக் கடற்கரையில் நகுலேஸ்வரப் பெருமானைத் தரிசிக்கலாம். திருச்சிராப்பள்ளிக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய நேரடி விமானப் போக்குவரத்தால் கிட்டிய பேறு இது.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 185 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து திருநெல்வேலி இதனினும் தொலைவு. விமானமோ சிறியது, உந்துவிசிறிகளால் இயங்குவது. நடுவானில் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும் ஓடுபாதையில் ஊர்தல், மேலேறுதல், இறங்குதல் யாவும் சேரப் பயண அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறிக்கப்படுகிறது. பச்சை வயல்கள் மறைந்து பாக் நீரிணை விரியும். சற்று நேரத்தில் பனந்தோப்புகள் தெரியும். இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றே. கடிகாரத்தைத் திருத்த வேண்டுவதில்லை.

இத்துணை அருகிலிருந்த ஊர் நெடுங்காலம் எட்டாத் தொலைவாக இருந்தது. முன்னாளில் தனுஷ்கோடி வரை இரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் சென்றனர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் மூண்ட போர் எஞ்சிய வழிகளையும் அடைத்தது. யாழ்ப்பாணத்து முதியவர் திருவரங்கத்தையோ திருவானைக்காவையோ தரிசிக்க விரும்பினால், ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குச் சென்று விமானம் ஏற வேண்டியிருந்தது. வடக்கே உள்ள தலத்தை அடையத் தெற்கே ஓர் இரவுப் பயணம்!

பலாலிக்கு அணித்தே இருப்பது கீரிமலை. கடலை ஒட்டியே நன்னீர் ஊற்று. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனிக் கேணிகள். கீரிமுகம் கொண்டிருந்த நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றார் என்பது தலவரலாறு. குதிரைமுகம் நீங்கப் பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி எழுப்பியது அருகிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். குதிரையாகிய மா விட்ட புரம் ஆதலின் அப்பெயர் என்பர். அவள் கோயிலுக்கெனக் காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை ஆயிற்றாம். தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் நல்லூர்க் கந்தன் வீற்றிருக்கிறான். அங்கே ஆடவர் மேலாடை களைந்தே உட்செல்வர்.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் நீராடி, மறைந்த தந்தையரை நினைந்து பிதிர்க்கடன் ஆற்றுவது யாழ்ப்பாணத்தார் வழக்கம். போர்க்காலத்தில் இப்பகுதி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது, கோயிலும் சேதமுற்றது. தந்தைக்குரிய எள்ளும் நீரும் இறைக்க அக்கரை சேர இயலாமலே முதுமையுற்றோர் பலர்.

செல்ல விழையும் அன்பர்கள் கடவுச்சீட்டுடன் இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியும் பெற்றிருத்தல் வேண்டும். அயல்நாட்டுப் பயணமாதலால் சோதனைகளுக்கென மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தை அடைவது நலம். பயண நாட்கள் மாறக்கூடும். முன்னரே விசாரித்து அறிக. அன்றாட மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்க. கேணிப் படிகள் ஈரமுற்றவை. இளையவர் ஒருவர் துணை வேண்டும்.

வான்வழி ஒரு மணி நேரமே எனினும், கேணியின் படிகளில் இறங்க வேண்டியவை நம் கால்களே. ஆற்ற வேண்டிய கடன் உடையோர், அவை தாங்கும்போதே புறப்படுதல் நன்று.