பனி உருகினால்?

சென்ற தை மாதம் நாங்கள் மில்லிக்கனிலிருந்து புளூ மவுண்டனுக்குப் போனோம். பனியில் சறுக்கி விளையாடினோம். அங்கே ஓர் அக்கா சூடான சொக்லேட் விற்றார். என் அப்பாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் அம்மாவை நாங்கள் அப்பாயி என்போம்.

"பனி உருகிட்டா இந்தப் புள்ள பொழப்புக்கு என்ன செய்யும்? கேளு!" என்றார்.

அப்பாயி ஏன் அப்படிக் கேட்டார், தெரியுமா? அவர் வாழ்ந்த ஊர் நுவரெலியா. அது இலங்கையின் மலைநாட்டில், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் கொழும்பில் வெயில் கொளுத்தும். அப்போது சனங்கள் குளிர் தேடி அங்கே வருவார்கள். பூக்களையும் குதிரைப் பந்தயத்தையும் பார்ப்பார்கள். கிரகரி வாவிக்கரையில் தாத்தா அவித்த சோளம் விற்பார்.

"ஏப்ரல் முடிஞ்சா யாவாரமும் முடிஞ்சிரும். அப்புறம் நான் பறிச்ச கொழுந்துதான் சோறு போட்டுச்சு" என்பார் அப்பாயி. மழையிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவாராம். கொழுந்தின் நிறை குறைந்தால் சம்பளமும் குறையுமாம்.

நான் அந்த அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். கோடையில் உணவகத்தில் வேலை, பிறகு ஆப்பிள் பறிக்கப் போவேன் என்றார். அதை அப்பாயிக்குத் தமிழில் சொன்னேன்.

அப்பாயி சிரித்தார். "நானும் பறிச்சவதான்னு சொல்லு!"

நீங்கள் விடுமுறைக்குப் போகும் ஊரில் யாரிடமாவது இப்படிக் கேட்டிருக்கிறீர்களா?