120.7-இல் ராகா

ஜெஞ்சாரோமில் உட்கார்ந்துகொண்டு, விமான அலைவரிசையும் சேர்ந்த மலிவு ரேடியோ ஒன்றை 120.7 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினால், விமானி வருகிறாரோ இல்லையோ, ராகா வானொலி வர வாய்ப்புண்டு. அதுவும் தொண்டை கட்டிய குரலில். கிள்ளான் பள்ளத்தாக்கில் ராகாவின் இடம் 99.3. சேப்பாங் விமான நிலையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் இந்தக் கூத்து?

இந்த மாதிரி செட்டுக்குள் ஓர் ஆசிலேட்டர் 110.0-இல் ஓடும். வரும் சிக்னலுக்கும் அதற்கும் வித்தியாசம் 10.7 (இதுதான் ஐ.எப்.) என்றால் அடுத்த கட்டம் ஏற்றுக்கொள்ளும். 120.7-க்கும் வித்தியாசம் அதுதான், 99.3-க்கும் அதுதான். மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று, இரண்டையும் கலக்கும் மிக்சர் பார்ப்பதில்லை. முன்னால் நல்ல ஃபில்டர் இருந்தால் தடுத்திருக்கும். மலிவு செட்டில் முதலில் கைவைப்பது அதில்தான். இதற்குப் பெயர் இமேஜ். காஜாங்கிலிருந்து டிராக்ஸ் வானொலி சிற்றலையில் 7295 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த காலத்தில், 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எப். கொண்ட பழைய செட்களில் அது 6385-இலும் தலைகாட்டியிருக்கக்கூடும்.

வெளியிலிருந்தே வராத சிக்னலும் உண்டு. கணினியில் செருகும் ஆர்.டி.எல். ரேடியோ டாங்கிளில் இருப்பது 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதன் ஐந்து மடங்கு 144.0, பதினைந்து மடங்கு 432.0. ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) மெல்லிய சிக்னலுக்குக் காது கொடுக்கும் இடங்களாகப் பார்த்து இரண்டும் விழுகின்றன! ஆண்டெனாவைக் கழற்றிய பிறகும் கீச்சென்ற ஒலி அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் உள்ளே பிறந்ததுதான்.

ஏமாற்றுவதில் கெட்டிக்காரன் இண்டர்மாட். பலமான இரண்டு சிக்னல்கள் ரிசீவருக்குள் கலந்து, இல்லாத மூன்றாவதைப் பெற்றுப்போடும். 96.3-இல் மின்னல் வானொலி, 99.3-இல் ராகா, ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் 102.3-ம் 93.3-ம் கிடைக்கும். ஆண்டெனாவைக் கழற்றினால் உண்மைச் சிக்னலைப் போலவே இதுவும் மறைந்துவிடும் என்பதால் அந்தச் சோதனை உதவாது. சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்தான் கைகொடுக்கும். 10 டெசிபல் குறைத்தால் உண்மைச் சிக்னல் 10 இறங்கும், இந்த வகைப் போலி 30 இறங்கும். சிக்னல் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் ஓர் அலகு 6 டெசிபல் என்று வைத்தால், நிஜம் இரண்டு அலகுகூட இறங்காது. போலி ஐந்து அலகு சரியும். (எந்த எஸ் மீட்டரும் அவ்வளவு நேர்மையில்லை. முள்ளைவிடக் காதை நம்பலாம்.)

இருந்தும் நம்மவர்கள் காசு கொட்டுவது சிக்னலைக் கூட்டும் ப்ரீஆம்ப்புக்கு. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, எல்.இ.டி. விளக்கும் சோலார் இன்வெர்ட்டரும் நிறைந்த இந்தச் சுற்றுவட்டாரத்தில், ப்ரீஆம்ப் கூட்டுவது இரைச்சலையும் போலிகளையும்தான். செம்பனைத் தோட்டத்துக்குள் தள்ளிப் போனால் இரைச்சல் குறையும். ரிசீவரின் சொந்தப் போலிகள் கூடவே வரும்.

இந்தப் போலிகளை அறிந்து வைப்பது வெறும் பொழுதுபோக்கல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபோது, போர்ட் பிளேயரில் வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியுடன் இருந்த பாரதி பிரசாத் தன் ஹாம் நிலையத்தை அவசரத் தொடர்புக்குத் திருப்பினார். அப்படிப்பட்ட நேரத்தில் மெல்லிய குரல் ஒன்றின்மேல் நம் ரிசீவரே பெற்ற கீச்சொலி உட்கார்ந்திருந்தால், அலைவரிசையை எந்தப் பக்கம் நகர்த்தச் சொல்வது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே புது செட் வந்ததும் ஆண்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டி, ஒவ்வொரு பாண்டையும் மெதுவாகத் துழாவி, கேட்கும் கீச்சொலிகளைக் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் எழுதி வையுங்கள். டாங்கிள் என்றால், மின்னலையும் ராகாவையும் வாசலிலேயே நிறுத்தும் எஃப்.எம். தடுப்பு ஃபில்டர் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.