அறுப்பு நாள் சாப்பாடு

போன மாதம் தங்கை மகன் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தான். வயது முப்பத்து நான்கு. நாள் முழுக்கக் கணினி முன் உட்காரும் வேலை. எடை 82 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறான்.

"மாமா, கார்ப் சைக்கிளிங் பண்ணப்போறேன். இந்தத் திட்டம் சரியா வருமான்னு பாருங்க."

மாவுச்சத்தைச் சில நாள் கூட்டியும் சில நாள் குறைத்தும் சாப்பிடுகிற முறை அது. தாளில், மூன்று நாள் மாவுச்சத்தே கிடையாது, நான்காவது நாள் எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தது. முதல் வாரத்தின் அந்த 'நான்காவது நாள்' ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை ஜிம் உண்டாடா?"

"லீவு மாமா. நல்லா தூங்குவேன்."

தாளை மடித்து வைத்துவிட்டு, எங்கள் ஊர்க் களத்து மேட்டைப் பற்றி அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சம்பா அறுப்பு என்றால் விடியும் முன்பே ஆட்கள் வயலில் நிற்பார்கள். குனிந்து அறுத்து, கட்டாகக் கட்டி, தலையில் சுமந்து வரப்பில் நடந்து, களத்தில் அடித்துத் தூற்றுகிற வரை உடம்புக்கு ஓய்வே கிடையாது. அப்போது அப்பா காலையில் ஒரு சட்டி பழைய சோறு சாப்பிடுவார். மதியம் இலை கொள்ளாத சோறு. பொழுது சாய்வதற்குள் அத்தனையும் கரைந்து போயிருக்கும். அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடக்கிற கோடையில் அதே அப்பாவுக்கு இரவில் ஒரு கிண்ணம் கஞ்சியும் துவையலும் போதும். அதில் இல்லாமையும் கலந்திருந்தது, மறைக்க மாட்டேன். ஆனாலும் வேலைக்குத் தக்க சோறு என்ற கணக்கு அந்த வீட்டில் இருந்தது.

நான் படித்து, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தேன். அறுப்பு போய்விட்டது, அறுப்பு நாள் சாப்பாடு மட்டும் முப்பது வருடம் தினமும் என் தட்டில் இருந்தது. 57 வயதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. நூறைத் தாண்டினாலே எச்சரிக்கைதான். இடுப்பு 101 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லை. அடுத்த ஆண்டு பளு தூக்கப் பழகினேன். எட்டு வருடம் ஆகிறது.

தொடக்கத்தில் இவன் தாளில் இருந்த தவறைத்தான் நானும் செய்தேன். சோற்றை அடியோடு நிறுத்தினேன். ஒரே வாரத்தில் மூன்று கிலோ இறங்கியதும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் ஸ்குவாட்டில் கண் இருட்டியது. ஜிம் மாஸ்டர் பின்னால் நின்று கம்பியைத் தாங்கிப் பிடித்ததால் தப்பினேன். பிறகு ஒரு கல்யாண வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டதும், போன எடையில் பாதி திரும்பிவிட்டது.

காரணம் எளிது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் தங்குகிறது. எல்லாம் சேர்ந்து நானூறு, ஐந்நூறு கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றை நிறுத்தினால் முதலில் இறங்குவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். கனமான கம்பியைத் தூக்கத் தசை பெரிதும் நாடுவதும் அந்தக் கிளைக்கோஜனைத்தான். அது வற்றிய நாளில் லெக் டே வைத்தால் கால் துவளும். தூக்கும் பளு குறைந்தால், தசையைக் காப்பாற்றிக்கொண்டு கொழுப்பை மட்டும் இறக்குகிற நோக்கமே கெட்டுப்போகும்.

அதனால் அவனை எதிரே உட்கார வைத்து, முதலில் வேலை நாட்களை எழுதச் சொன்னேன். திங்களும் வெள்ளியும் ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்று கால், முதுகுக்கான கடும் பயிற்சி. புதனும் சனியும் மார்பு, தோள், கை. மற்ற மூன்று நாள் நடை மட்டும். பயிற்சியையும் சேர்த்து அவன் உடம்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,350 கலோரி வேண்டியிருக்கும். புரதம் எல்லா நாளும் 130 கிராம், அதில் கை வைக்கக் கூடாது. எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கு அது. கடும் பயிற்சி நாளில் மாவுச்சத்து 300 கிராம், கொழுப்பு 45. நடுத்தர நாளில் 200, 60. ஓய்வு நாளில் 120, 75. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது. வாரத்துக்குக் கூட்டினால் ஏறத்தாழ 13,000 கலோரி வருகிறது. தேவை 16,450. அந்த இடைவெளியில்தான் கொழுப்பு கரைகிறது, வாரத்துக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக.

இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தனி மந்திர சக்தி உண்டு என்று அவனிடம் சொல்லவில்லை. மொத்தக் கலோரியும் புரதமும் சமமாக இருந்தால், தினமும் ஒரே அளவாகச் சாப்பிடுகிறவனுக்கும் கொழுப்பு குறையும். இதில் இருக்கும் நன்மை வேறு. கடும் பயிற்சி நாளில் உடம்பில் தெம்பு இருக்கும். நாளை மறுநாள் வயிறாரச் சோறு உண்டு என்று தெரிந்தவனுக்கு இன்றைய குறைச்சல் பாரமாக இருக்காது. எங்கள் அம்மா ஏகாதசி அன்று அரிசியே தொட மாட்டார். துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகச் சாப்பிட உட்காரும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் பார்த்திருக்கிறேன்.

கிராம் கணக்கை நம் தட்டுக்குக் கொண்டுவருவதில்தான் அவன் திணறினான். நூறு கிராம் வெந்த சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. நடுத்தர இட்லி ஒன்றில் பத்து கிராம் அளவுக்கு இருக்கும். கடும் பயிற்சி நாளில் காலை ஐந்து இட்லி, மதியம் நிறையச் சோறு, ஜிம்முக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு வாழைப்பழம், முடித்து வந்து மறுபடி சோறும் மீனும். ஓய்வு நாளில் காலை முட்டையும் இரண்டு இட்லியும், மதியம் ஒரு கரண்டிச் சோற்றுக்கு இரண்டு மடங்கு பொரியலும் கீரைக் கூட்டும், இரவு சோறில்லாமல் கோழியோ பனீரோ. ஓய்வு நாளில் கம்பு, கேழ்வரகு, சப்பாத்தி என்று மாற்றிக்கொண்டால் மாவுச்சத்து குறைந்துவிடும் என்று நம்பியிருந்தான். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். சிறுதானியத்தில் நார்ச்சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் வேகாத தானியம் நூறு கிராமுக்கு மாவுச்சத்து அறுபதுக்கு மேல் அதிலும் இருக்கிறது. சைவக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: பருப்பிலும் சுண்டலிலும் புரதத்தைவிட மாவுச்சத்துதான் அதிகம். ஓய்வு நாளில் அவர்கள் தயிர், பனீர், சோயா பக்கம் சாய வேண்டும்.

எடைக் கருவியைத் தினமும் பார்த்து மனம் கலங்காதே என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமைச் சோறு சனிக்கிழமை காலை ஒரு கிலோவாகத் தெரியும். அது தண்ணீர். ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடு. தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அள. ஸ்குவாட்டில் தூக்கும் எடையையும் குறித்து வை. இடுப்பு குறைந்து பளு குறையாமல் இருந்தால் வழி சரி.

ஒன்றை மட்டும் குரலை உயர்த்திச் சொன்னேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிற நண்பன் எவனுக்கும் இந்தத் தாளைக் கொடுத்துவிடாதே. மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கி விழலாம். சில மாத்திரைகளோடு மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். அவர்கள் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறு வாரம் இதைக் கடைப்பிடித்துவிட்டு வந்து பார் என்று அனுப்பினேன். மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தங்கையிடமிருந்து போன்.

"அண்ணே, புள்ள சோறே வேணாங்கிறான். ரெண்டு முட்டையும் கீரையும் போதுமாம். நீதான் ஏதோ சொல்லிக் குடுத்திருக்கியாமே. இளைச்சுப் போயிடப்போறான்ணே."

"இன்னிக்கு வேணாம்மா, விட்டுடு. நாளைக்குத் திங்கக்கிழமை, அவனுக்கு அறுப்பு. நல்லா அள்ளி வை."

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "அப்பாவுக்கு வைக்கிற மாதிரியா?" என்று கேட்டாள்.

"அதே மாதிரிதான்" என்றேன்.