அவிழ்க்கத் தெரிந்த கட்டு

நாங்கள் ஐந்து பேர். சார்ஜாவில் றோலாப் பக்கம் ஒரே அறை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு தூண்டில் தடி இருந்தது. பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் வாங்கியது. பதின்மூன்று அடி நீளம், மூன்று துண்டாகக் கழற்றலாம். கரையில் நின்றபடி அலை உடைகிற இடத்துக்கு அப்பால் இரையை எறிவதற்கென்றே செய்த தடி. கட்டிலுக்குக் கீழே சூட்கேசுகளுக்குப் பக்கத்தில் அது கிடக்கும்.

அகதிகள் என்று எங்களை நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். இந்த மண்ணில் எங்களுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. இங்கே ஒருவர் வேலையாள், அல்லது வந்துபோகிறவர், அல்லது விசா முடிந்தவர். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து எழுதுகிற நண்பர்கள் கேஸ், அப்பீல், றிஜெக்ட் என்று எழுதும்போது எங்களுக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். றிஜெக்ட் பண்ணவும் ஒரு கந்தோர் வேண்டுமே.

ரெஸ்ரோறன்றில் ஒருவன் கொத்து அடிப்பான், ஒருவன் கோப்பை கழுவுவான், ஒருவன் மீன் வெட்டுவான். எங்களில் ஒருவன் யாழ்ப்பாணக் கம்பஸில் பௌதிகவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். அவன் கணக்கும் பார்ப்பான், வெங்காயமும் உரிப்பான். ஐந்தாவது ஆள் அண்ணை. முல்லைத்தீவு. பரம்பரைத் தொழில் கடல். விசா முடிந்து நாலு வருடமாகியிருந்தது. சமையலறைக்குப் பின்பக்கமாக வந்து பின்பக்கமாகவே போவார்.

மாதத்தில் ஒன்றிரண்டு இரவு, கடை பூட்டியபிறகு, ஒரு பழைய காரில் கல்பாவுக்குப் போவோம். கல்பாவும் சார்ஜா அமீரகத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் ஹஜர் மலைக்கு அந்தப் பக்கம். சார்ஜாப் பக்கத்துக் கடல் பாரசீக வளைகுடா. சராசரி ஆழம் ஐம்பது மீற்றர்கூட இல்லை. குளம்போலக் கிடக்கும். கல்பாவில் இருப்பது ஓமான் வளைகுடா. அது பெருங்கடலின் வாசல். அங்கே அலை அலையாகவே வரும். எங்கள் ஊர் அலையின் சத்தம் கேட்கும். உண்மையைச் சொன்னால் மீனுக்காக அல்ல, அந்தச் சத்தத்துக்காகத்தான் போனோம்.

மீனும் கிடைக்கும். இவர்கள் ஷேரி என்பது எங்கள் விளைமீன். ஹமூர் கலவாய். சாஃபி ஒட்டி. பகல் முழுக்க அரபுப் பெயரில் விற்கிற மீனை இரவில் சொந்தப் பெயர் சொல்லிப் பிடிப்பதில் ஒரு சந்தோசம் இருந்தது.

அண்ணை மட்டும் தூண்டில் போடமாட்டார். தடியோடு நிற்கிறவனிடம் யாராவது வந்து அட்டையைக் கேட்கலாம். காருக்குப் பக்கத்தில், இருட்டில், கடலைப் பார்த்தபடி இருப்பார்.

எங்கள் தடிக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு வருத்தம். றீல் நிற்காது. றீலின் அடியில் நீளமான பாதம் ஒன்று இருக்கும். தடியிலே அந்தப் பாதம் இருப்பதற்கு ஒரு இருக்கை. பாதத்தின் ஒரு நுனி அசையாத தொப்பிக்குள் போகும். மற்ற நுனியை நகருகிற தொப்பி வந்து மூடும். பின்னால் ஒரு மரை அதை இறுக்கும். எங்களுடையதில் மரையின் புரி தேய்ந்திருந்தது.

முதலில் காஸ் குழாயை அடுப்போடு பிடித்து வைக்கிற இரும்பு வளையம் இரண்டைப் போட்டோம். சமையலறையில் கைக்கெட்டிய சாமான். 1921இல் பிரித்தானியக் கடற்படையிலிருந்த லம்லி றொபின்சன் என்பவர் கண்டுபிடித்த ஜுபிலி கிளிப்தான் அது. நல்ல சாமான், ஆனால் உள்ளே திடமான குழாய் ஒன்று இருக்கவேண்டும். தூண்டில் தடியோ உள்ளே வெறும் கோது. ஸ்குறூ டிறைவரால் முறுக்க முறுக்க நன்றாய்த்தான் இருந்தது. பிறகு மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. தடியில் ஒரு முடி வெடிப்பு. அதற்கு மேலே துணி சுற்றிப் பசை பூசிச் சமாளித்தோம்.

அடுத்ததாக வயர்க்காரர் சுற்றுகிற கறுப்பு ரேப். குளிர் நாடுகளில் றீலை ரேப்பால் சுற்றியே வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே கோடைப் பகலில் பூட்டிய காருக்குள் அறுபது பாகைக்கு மேல் வெக்கை ஏறும். ரேப்பின் பசை உருகி வழுக்கத் தொடங்கியது எங்களுக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது.

2022 கோடையில் ஒரு இரவு. எங்களில் இளையவன் வீசினான். ஈயம் ஒரு பக்கம் போக, றீல் தடியிலிருந்து கழன்று அலைக்குள் விழுந்தது. நூற்றியெண்பது திர்ஹாம் றீல். அவன் யோசிக்கவில்லை. பின்னாலேயே ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை அடுத்த அலை சுருட்டியது. அதற்கடுத்த அலை வந்தபோது தலை தெரியவில்லை.

எங்கள் கையில் போன் இருந்தது. 999 என்று மூன்று இலக்கம். அதை அடித்தால் பொலிஸ் வரும். வந்தால் எல்லோருடைய அட்டையையும் பார்க்கும். காருக்குப் பக்கத்தில் அண்ணை இருக்கிறார். அவன் உயிர் ஒரு பக்கம், இவர் வாழ்வு ஒரு பக்கம். அரை நிமிடம் இருக்கும், நாங்கள் நின்றோம். அந்த அரை நிமிடத்தைப் பற்றி இதுவரை நாங்கள் எங்களுக்குள் கதைத்ததில்லை. இங்கேதான் எழுதுகிறோம்.

எங்களைத் தள்ளிக்கொண்டு அண்ணை ஓடினார். அலைக்கு எதிரே ஓடாமல் சரிவாக ஓடினார். சேட்டைப் பிடித்து அவனை இழுத்துக் கரையில் போட்டார். அவன் சத்தி எடுத்தான். முழங்கால் இரண்டும் உரிந்திருந்தன. றீல் போனது போனதுதான்.

அண்ணை மூச்சு வாங்கியபிறகு எங்களைத்தான் ஏசினார்.

“போனை அடிச்சிருக்க வேணுமடா. நான் மலைப்பக்கம் நடந்திருப்பன். எனக்கு நடக்கத் தெரியாதே?”

பிறகு தடியை எடுத்து, ரேப்பை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

“ஒரு றீலைக் கட்டத் தெரியாது. உங்களுக்கெல்லாம் கடல் எதுக்கு?”

இரண்டு மாதம் காசு சேர்த்து வேறு றீல் வாங்கினோம். கட்டுவது எப்படியென்று அண்ணை அறையில், நிலத்தில் இருந்து காட்டித்தந்தார். கம்பஸ்காரன் பக்கத்தில் இருந்து காரணம் கேட்டான். அண்ணையின் கையும் அவன் கணக்கும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தன.

எறியும்போது நூற்றியிருபது கிராம் ஈயம் தன் நிறையைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஒவ்வொரு அவுன்ஸ் ஈயத்துக்கும் பத்து இறாத்தல் தாங்குகிற தடித்த தங்கூசியை முன்னால் முடியவேண்டும் என்ற கணக்கு அதனால் வந்தது. நாலு அவுன்ஸ் என்றால் நாற்பது இறாத்தல். ஆனால் அந்த இழுவையைத் தாங்குவது றீல் அல்ல, தங்கூசியை மடக்கிப் பிடித்திருக்கிற சுட்டுவிரல். றீலைக் கழற்றுவது வேறொன்று. ஈயத்தையும் சாதாழையையும் திருப்பிச் சுற்றி எடுக்கும்போது கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் றீல் இடமும் வலமும் ஒரு மயிரளவு ஆடும். மரை அந்த ஆட்டத்தில்தான் இளகும். கழருவது சுற்றும்போது, எங்களுக்குத் தெரியவருவது வீசும்போது.

ஆகவே முதல் வேலை ஆட்டத்தை நிறுத்துவது. பாதத்தையும் இருக்கையையும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். ஒரு மணல் துணிக்கை இருந்தாலும் அது உருளை மாதிரி வேலை செய்யும். சைக்கிள் ரியூப்பில் வெட்டிய மெல்லிய துண்டொன்றைப் பாதத்துக்குக் கீழே வைக்கவேண்டும். தடியின் அடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்து, றீலின் தண்டும் வளையங்களும் ஒரே கோட்டில் வந்தபின்தான் மரையை முறுக்கலாம். விரலால் மட்டும். குறடு தொடக்கூடாது. முறுக்கி, ஆட்டிப்பார்த்து, மறுபடி முறுக்கவேண்டும்.

அதற்கு மேலேதான் கட்டு. அண்ணை எடுத்தது நைலோன் அல்ல. சமையலறையில் இறைச்சி சுருட்டிக் கட்டுகிற வெள்ளைப் பருத்தி நூல். நைலோன் நனைந்தால் கொஞ்சம் இளகும். பருத்தி நனைந்தால் பருத்துக் குறுகும். கடல் தண்ணீர் படப்பட அது தானே இறுகும். நூலில் ஒரு தடத்தைத் தடியோடு படுக்க வைத்து, அதற்கு மேலால், தடியிலே தொடங்கிப் பாதத்தின் நுனியில் ஏறும்படி சுற்றினார். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருபது சுற்று. கடைசி நுனியைத் தடத்துக்குள் விட்டு, மறு நுனியைப் பிடித்து இழுக்க, முடிச்சு சுற்றுகளுக்குக் கீழே போய் ஒளிந்தது. பாதத்தின் மற்ற நுனிக்கும் அப்படியே.

“எவ்வளவு இறுக்க வேணும் அண்ணை?”

“பிடிக்கிற அளவு. நெரிக்கிற அளவில்லை.”

வீடு திரும்பியதும் அதை அவிழ்க்கவேண்டும் என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை ஏன் அவிழ்ப்பான்? அவிழ்க்காவிட்டால் உள்ளே உப்பு நிற்கும். இரும்பும் அலுமினியமும் உப்போடு சேர்ந்தால் ஒன்றையொன்று தின்னும். பிறகு கழற்றவும் ஏலாது, நம்பவும் ஏலாது.

அண்ணையின் தகப்பன் கட்டுமரத்தில் தொழில் செய்தவர். மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். ஆங்கிலக்காரன் தன் கட்டமறனை எடுத்ததும் அதிலிருந்துதான். கரைக்கு வந்தால் கட்டை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயவிடுவார்கள். அடுத்தமுறை புதிதாகக் கட்டுவார்கள். தகப்பனிடமிருந்து அண்ணை எடுத்துக்கொண்டது அந்தக் கட்டு மட்டும்தான்.

இந்தக் கரைகளுக்கும் அது புதிதல்ல. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துத்தான் அரபிகள் ஒருகாலத்தில் கப்பல் கட்டினார்கள். அப்படித் தைத்த சோஹார் என்ற கப்பலை ஓமானின் சூர் நகரில் கட்டி, 1980இல் மஸ்கற்றிலிருந்து புறப்பட்டு, 1981இல் டிம் செவெரின் சீனா வரை கொண்டுபோனார். எங்களில் ஒருவன் முன்பு மஸ்கற்றில் வேலை செய்தபோது அல் புஸ்தான் சுற்றுவட்டத்தில் அது நிற்பதைப் பார்த்திருக்கிறான். பிறகு அதே முறையில் மஸ்கற் மாணிக்கம் என்ற கப்பலைக் கட்டிச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். 2010இல் போகிற வழியில் அது காலித் துறைமுகத்துக்கும் வந்தது. அந்த வருடம் எங்களில் மூன்று பேர் மெனிக் பாமில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருந்தோம்.

2024 செப்ரெம்பரில் இந்த அரசாங்கம் விசா முடிந்தவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுக்கத் தொடங்கியது. தண்டப்பணம் இல்லாமல் போகலாம், திரும்பி வரத் தடையும் இல்லை. இரண்டு மாதம் என்று சொல்லி, பிறகு டிசெம்பர் 31 வரை நீட்டினார்கள். நாளொன்றுக்கு ஐம்பது திர்ஹாம் என்று ஏறிக்கொண்டிருந்த தண்டத்தை அண்ணை வாழ்நாளில் கட்டியிருக்கமுடியாது. போகப் பயம், இருக்கவும் வழியில்லை. கடைசி நாட்கள் வரை யோசித்துவிட்டுப் போய்க் கைரேகை வைத்தார். வெளியேறும் பத்திரம் கிடைத்தது.

அன்றிரவு கல்பாவுக்குப் போனோம். அண்ணை காருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. சேட்டுப் பையில் அந்தப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டு, தடியைத் தானே எடுத்தார். போகச் சொல்லித் தந்த கடதாசிதான் அவரை அந்தக் கரையில் நிற்க விட்டது. வீசினார். ஈயம் எங்கே விழுந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவு தூரம். விடியும்வரை ஒரேயொரு பாரைக்குட்டிதான். அதைத் திருப்பி விட்டுவிட்டார். பிறகு கட்டைத் தானே அவிழ்த்து, நூலை நல்ல தண்ணீரில் அலசி, உதறி, எங்களிடம் தந்தார்.

இப்போது ஊரில் கரைவலைக்குப் போகிறார். ஆட்கள் வந்து விசாரித்தார்களா, வீட்டுக்காணி திரும்பக் கிடைத்ததா என்று நாங்கள் கேட்பவற்றுக்கு வொய்ஸ் மெசேஜில் பதில் வராது. போன கிழமை வந்ததில் அலைச் சத்தம்தான் கூட. இடையில் அவர் குரல்:

“டேய், றீலை அவிழ்த்துக் கழுவினியளோ?”