மூன்றாம் பொத்தான்

பங்கு இல்லத்தின் பழைய தொலைபேசி பழுதானபோது, வெளிநாட்டில் பணிபுரியும் பங்கு மகன் ஒருவர் கம்பியில்லாத் தொலைபேசி ஒன்றை வாங்கித் தந்தார். கைபேசி எல்லார் பையிலும் குடியேறிவிட்ட பின்னரும், பங்கு இல்லத்தின் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் முதியோர் நம் பங்கில் பலர் உண்டு. அவர்களுக்காகவே அந்த இணைப்பை விடாது காத்து வருகிறோம்.

கருவியின் அடிப்பகுதி மின்சாரத்தோடும் தொலைபேசிக் கம்பியோடும் கட்டுண்டு மேசைமேல் கிடக்கும். கையில் எடுக்கும் பகுதியோ நம்மோடு தோட்டம்வரை வரும். ஓர் எண்ணை அதன் நினைவில் பதிந்து ஒரு பொத்தானுக்கு உரியதாக்கிவிட்டால், பின்னர் அப்பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தாலே அழைப்பு சென்றுவிடும். பொத்தான்கள் ஒன்பது, பங்கு மக்களோ ஆயிரத்துக்கும் மேல். யாருக்கு எதை ஒதுக்குவது என்று முடிவு செய்ய ஒரு மாலைப்பொழுது கழிந்தது. முதலாவதை ஆயர் இல்லத்துக்குக் கொடுத்தோம். அது பணிவா, அச்சமா என்பதை இங்கே ஆராய வேண்டாம். இரண்டாவது மருத்துவமனைக்கு. மூன்றாவது, நடமாட இயலாமல் வீட்டோடு இருந்த ஒரு மூதாட்டிக்கு. அவருடைய கணவர் நம் பங்கில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்து மறைந்தவர். முதல் வெள்ளிதோறும் அந்த அம்மாவுக்கு நற்கருணை கொண்டு செல்வோம். மற்ற நாள்களில் மாலைச் செபமாலை முடிந்ததும் தொலைபேசியில் நலம் கேட்போம்.

எண்களை ஒவ்வொன்றாக அழுத்திய காலத்தில், கடைசி எண்ணை எட்டுவதற்குள் அவருடைய முகமும், சென்ற முறை அவர் சொன்ன முழங்கால் வலியும் நம் மனத்தில் வந்து நின்றுவிடும். பூசைக்குமுன் உடை அணிகையில் சொல்லும் செபம் போன்ற ஒரு சிறு ஆயத்தம் அது. மூன்றாம் பொத்தான் வந்தபின், அவரை நினைக்கத் தொடங்கும் முன்னரே அவருடைய குரல் காதில் வந்து விழுந்தது.

கருவியின் பக்கவாட்டில், ரப்பர் மூடியின் கீழ், ஒரு சிறு துளை இருந்தது. ‘ஹெட்செட்’டின் முனையை அதில் செருகித் தலையில் மாட்டிக்கொண்டு, கருவியை இடுப்பில் தொங்கவிட்டால் இரு கைகளும் விடுதலை பெறும். விடுதலை பெற்ற கைகள் சும்மா இருக்குமா? நம் கைகள் திருமுழுக்குப் பதிவேட்டைத் தேடிப் போயின.

அது பள்ளிச் சேர்க்கைக் காலம். மேசைமேல் சான்றிதழ்கள் குவிந்திருந்தன. அந்த அம்மாவே அன்று அழைத்தார். கையொப்பமிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தோம். சிறிது நேரம் அதையும் இதையும் பேசிவிட்டு, “சாமி, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு மனசுல கெடக்கு” என்றார். “சொல்லுங்கம்மா” என்றோம். அவர் மூச்சை இழுத்துக்கொண்ட அந்த இடைவெளியில் நம் கை பங்கு முத்திரையை ஒரு சான்றிதழ்மீது குத்தியது.

“சாமி முத்திர போடுறீங்க. வேலையா இருக்கீங்க. பெறகு பேசுறேன்” என்று வைத்துவிட்டார். கணவர் அந்த மேசையில் முத்திரை குத்திய ஓசையை ஆண்டுக்கணக்கில் கேட்டவர் அல்லவா? வாயருகே நீண்டிருந்த ஒலிவாங்கி அதை அவருக்குத் தெளிவாகவே கொண்டு சேர்த்திருந்தது.

அன்றிரவு நம் இறையியல் படிப்பு நமக்காக வழக்காட வந்தது. கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். எட்டே ஆண்டுகளில், நெருக்கடி வேளையில் தொலைபேசி வழியே பாவமன்னிப்பு வழங்கலாமா என்னும் கேள்வி உரோமையிலுள்ள பாவமன்னிப்பு மன்றத்தின் முன் வந்துவிட்டது. 1884 ஜூலை 1 அன்று மன்றம் தந்த மறுமொழி, பதில் கூற ஏதுமில்லை என்பதே. குருமடத்தில் இதைப் படித்துச் சிரித்திருக்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நேரில் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபையின் நடைமுறை. ஆகவே அந்த அம்மா எதைச் சொல்லியிருந்தாலும் நாம் நேரில்தானே போயிருக்க வேண்டும் என்று நம்மையே தேற்றிக்கொண்டோம். வாதம் சரிதான். ஆனால் அவர் நம்மிடம் மன்னிப்புக் கேட்டாரா, செவியை மட்டும் கேட்டாரா என்பது அந்த வாதத்துக்குள் அடங்கவில்லை. பதிலளிக்க ஏதுமின்றிப் போனது இம்முறை நமக்கு.

மறுநாளே போயிருக்கலாம். ஓர் அடக்கம், ஒரு கூட்டம். மூன்றாம் நாள்தான் போனோம். மருமகளிடம் சொல்லிக் காப்பி போட்டுக் கொடுக்கச் செய்தார். மழையைப் பற்றியும் கோவில் கொடிமரத்தைப் பற்றியும் பேசினார். நாமே கேட்டபோது, “அது ஒண்ணுமில்ல சாமி” என்று சிரித்தார். அந்த ஆண்டுத் திருவருகைக் காலத்தில் அவர் பேச்சிழந்து கிடந்தபோது நோயில்பூசுதல் வழங்கினோம். இரண்டாம் நாள் இறந்தார்.

மூன்றாம் பொத்தானிலிருந்து அவருடைய எண்ணை நாம் நீக்கவில்லை. சில வாரங்களுக்குப்பின் ஒரு மாலை, செபமாலை முடிந்ததும் பழக்கத்தால் விரல் அதை அழுத்திவிட்டது. மகன் எடுத்தார். தவறி அழைத்ததாகச் சொல்ல நா எழவில்லை, நலம் கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டு அவர், “சாமி, அம்மா கடைசியில உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?” என்றார்.

நாம் பேசாதிருந்தோம். அவர் பதறிப்போய், “அதெல்லாம் நான் கேக்கக்கூடாது, பாவசங்கீர்த்தன ரகசியம். மன்னிச்சுக்குங்க சாமி” என்றார்.

அன்று நாம் அவரைத் திருத்தவில்லை. இந்த இதழ் அவருடைய வீட்டுக்கும் செல்கிறது.