நின்று விளையாடும் மாடு

இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. ஏர்வாடி தாண்டிய பிறகு இந்தப் பக்கமும் பனை, அந்தப் பக்கமும் பனை. இடையிடையே உடை மரமும் சீமைக் கருவேலும். வாலிநோக்கம் விலக்கு வரும்போது உப்பளக் காற்று உதட்டில் கரிக்கும். சற்றே கண்ணயர்ந்தால் கண்டக்டர் "சாயல்குடி!" என்று கூவி எழுப்பிவிடுவார்.

கடைத்தெருவில் இறங்கியதும் கருப்பட்டி வாசனை ஆளைத் தூக்கியது. ஓலைக் கொட்டான்கள் ஒரு பக்கம், முண்டு மிளகாய் மூட்டைகள் ஒரு பக்கம். நாம் போனது கருப்பட்டி வாங்க அல்ல. (வாங்காமல் திரும்பவில்லை என்பது வேறு விஷயம்.) பக்கத்துக் கிராமம் ஒன்றில் சித்திரைத் திருவிழாவை முன்னிட்டு வடமாடு மஞ்சுவிரட்டு. அதைப் பார்க்கத்தான் இந்தப் பிரயாணம்.

வாடிவாசலிலிருந்து மாடு பிய்த்துக்கொண்டு ஓடும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டெலிவிஷனில் பார்த்திருப்பீர்கள். இது வேறு. பொட்டலின் நடுவில் நீண்ட வடத்தில் மாட்டைக் கட்டி விடுகிறார்கள். வடம் எட்டுகிற வட்டந்தான் அதன் ராஜ்யம். ஒன்பது பேர் கொண்ட குழு உள்ளே இறங்கும். இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்குள் அடக்கினால் பரிசு அவர்களுக்கு; இல்லையென்றால் மாட்டுக்கு.

நாம் தங்கிய வீட்டு அக்காளே ஒரு செவலைக் காளை வளர்க்கிறாள். பருத்திக்கொட்டை, தவிடு, பேரீச்சம்பழம் என்று அதற்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால் வந்த விருந்தாளிக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை போட்ட பிறகு, 2017 ஜனவரியில் மெரீனாவில் கூட்டம் கூடி, சட்டம் திருத்தப்படும் வரை இவளுடைய பழைய காளை தொழுவத்தில் சும்மா நின்றதாம். "சும்மா நின்னாலும் வயித்துக்கு இல்லேன்னு சொல்ல முடியுமா தம்பி?" என்றாள். அந்தச் சட்டம் செல்லும் என்று கோர்ட்டே 2023 மே மாதம் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்ததாம்.

செவலை இதுவரை எந்தக் களத்திலும் பிடிபட்டதில்லை. அது மட்டுமல்ல, அது "நின்று விளையாடும் மாடு". விலகி ஓடாது. நடுவில் நின்று மண்ணைக் கிளறும், தலையை ஆட்டும், வா என்பது போல் பார்க்கும். சனங்களுக்கு அதில்தான் பைத்தியம். அக்காளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"சோலியைப் பாத்தமா, வந்தமான்னு இருக்கணும். இதுக்கு என்னத்துக்கு இம்புட்டு மினுக்கு?"

இராத்திரி திண்ணையில் இதுவே பேச்சாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் அவள் மகன், தாயாருக்குப் பதிலாகப் போனை நீட்டினான். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாவற்றையும் கலந்து கம்பிக் கூண்டுக்குள் போடும் சண்டை. யு.எஃப்.சி. என்று அமெரிக்காக் கம்பெனி ஒன்று நடத்துகிறது. அதில் ஆண்டர்சன் சில்வா என்ற பிரேஸில்காரர் 2006 முதல் 2012 வரை வரிசையாகப் பதினாறு சண்டைகள் ஜயித்தார்.

முதலில் 2009 ஆகஸ்டில் நடந்தது. எதிரி பாரஸ்ட் கிரிஃபின். சில்வா கைகளைத் தொங்கவிட்டு, முகத்தைக் காட்டிக்கொண்டு, வரும் குத்தையெல்லாம் இடுப்பை வளைத்தே தப்பிக்கிறார். பின்வாங்கிக்கொண்டே ஒரு குத்து விட்டார், ஆள் மல்லாந்துவிட்டார். முதல் சுற்றோடு சரி. எனக்கே கைதட்டத் தோன்றியது. நம் 'சார்பட்டா பரம்பரை' படத்து டான்சிங் ரோஸை ரசித்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்தது 2010 ஏப்ரல், அபுதாபி. எதிரி டெமியன் மாயா. இப்போதும் அதே ஆட்டம், அதே சேஷ்டை. ஆனால் எதிரிக்குப் பதில் சொல்லச் சக்தி இல்லை, இவருக்கோ முடித்து வைக்க மனம் இல்லை. ஐந்து சுற்றும் இழுத்தது. சனங்கள் கூச்சல் போட்டார்கள். ரெப்ரியே எச்சரித்தார். கம்பெனி முதலாளி டேனா ஒயிட் பாதியில் எழுந்து போனார்.

"பிள்ளைப்பூச்சியைப் போட்டு உருட்டுற பூனை மாதிரில்ல இருக்கு" என்றாள் அக்காள்.

ஒரே மனிதர், ஒரே வித்தை. ஒன்று இனிக்கிறது, மற்றொன்று கசக்கிறது. கைகளைத் தொங்கவிட்டவருக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற பயம் நமக்கு இருக்கும் வரைக்குந்தான் அது வேடிக்கை என்று எனக்குப் பட்டது. பையன் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் மூன்றாவதைப் போட்டான். 2013 ஜூலை, லாஸ் வேகாஸ். கிறிஸ் வைட்மன் என்ற வாலிபர் முன்னால் சில்வா அதே போல் கோணங்கி காட்டுகிறார். இரண்டாவது சுற்றில் தாடையில் விழுந்த குத்தில் சாய்கிறார். பட்டமும் போயிற்று. அந்த டிசம்பரில் மறுபடி மோதியபோது உதைத்த கால் முறிந்தது.

அக்காள் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொழுவத்துக்கு எழுந்து போனாள்.

மறுநாள் பத்து மணிக்குச் செவலையின் முறை. ஒன்பது பேர் இறங்கினார்கள். செவலை நடுவில் நின்றது. முதல் ஐந்து நிமிஷம் ஒருவரும் கிட்ட வரவில்லை; மைக்காரர் மாட்டின் பெருமையைப் பாடித் தள்ளினார். பத்தாவது நிமிஷத்தில் கூட்டத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அது பாராட்டு விசில் அல்ல. மாடு நிற்கிறது, ஆட்களும் நிற்கிறார்கள், வெயில் மட்டும் ஏறுகிறது. பக்கத்திலிருந்த பெரியவர் பதநீர் குடிக்கப் போய்விட்டார்.

அப்புறம் செவலையே அவர்களைத் தேடிப் போயிற்று. ஒருவனை முட்டுவது போல் போய், முட்டாமல் நின்று, விலாவைக் காட்டித் திரும்பியது. கூட்டம் "ஓ!" என்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை மெலிந்த பையன் ஒருவன் காத்திருந்து திமிலில் பாய்ந்தான். அவன் விழுவதற்குள் மற்ற எட்டுப் பேரும் மேலே விழுந்தார்கள்.

அன்று முழுவதும் அந்தப் பொட்டலில் அவ்வளவு ஆரவாரம் வேறு எதற்கும் எழவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் எழுந்து கத்தினேன். பிறகுதான் அக்காளின் முகத்தைப் பார்த்தேன்.

பிடிபட்ட மாட்டுக்கு விலை இறங்கும். சாயங்காலமே புரோக்கர் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, நேற்று வரை இருந்த விலையில் பாதிக்குக் கேட்டார். யாருக்கு வாங்குகிறார் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டுப் போங்க அண்ணே" என்றாள் அக்காள். அவர் குடித்துவிட்டுப் போனார்.

செவலையின் காதோரம் ஒரு சிராய்ப்பு. மஞ்சளைக் குழைத்து அதில் தடவிக்கொண்டே அவள் ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள். அது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.