கேட் இருக்கட்டும், மூட வேண்டாம்

25 நவம்பர் 2024, திங்கள்
பில்லிங் மென்பொருளின் தரத்துக்கு ஏதாவது ஆதாரம் காட்டுங்கள் என்று வாடிக்கையாளர் கேட்டுவிட்டாராம். பைப்லைனில் கோடைச் சோதிக்கும் சோனார்க்யூப் கருவியைச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. திண்டிவனத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவளுக்கு இந்த மாதிரிதான் வரும். சென்னை ஆபீஸில் யாரும் தொடமாட்டார்கள். முதல் ஸ்கேனில் ஆயிரக்கணக்கில் குறைகள். சிரிப்புத்தான் வந்தது.

27 நவம்பர்
எது புதிய கோடு, எது பழையது என்று ஸ்கேனருக்குப் பிடிபடவில்லை. மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். கிட்ஹப் செக்அவுட்டில் கடைசி கமிட் மட்டும்தான் இறங்குகிறது. எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்ற வரலாறு வருவதில்லை. ஃபெட்ச் டெப்த்தைப் பூஜ்யமாக்கியதும் எல்லாம் வந்தது. இனி புதிதாக எழுதுவதில் 80 சதவீதத்துக்காவது டெஸ்ட் வேண்டும், நகல் வரிகள் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கருவியோடே வரும் ‘குவாலிட்டி கேட்’ விதி அது. பழையதற்கு மன்னிப்பு.

அந்த மன்னிப்புத்தான் உறுத்துகிறது. ரசீதைச் சேமிக்கும் ஃபங்ஷனில் ஒரு கேட்ச் பிளாக் காலியாகக் கிடக்கிறது. டேட்டாபேஸில் ஏறாமல் போனாலும் திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்றே வரும். பல வருஷத்துக் கோடு. கேட்டில் சிக்காது.

29 நவம்பர்
டீம் லீடோடு நீண்ட போன். “ஸ்கேன் ஓடட்டும், ரிப்போர்ட் வரட்டும். பில்டை மட்டும் நிறுத்தாதீங்க. ரிலீஸ் அன்னிக்குச் சிவப்பா நின்னா யார் பதில் சொல்றது?” அதற்கும் வழி இருக்கிறது. ‘குவாலிட்டி கேட் வெயிட்’ என்ற அமைப்பைப் போடாமல் விட்டால் போதும். சோனார் சர்வரில் ‘தோல்வி’ என்று பதிவாகும், பைப்லைன் பச்சையாக முடிந்துவிடும். சரி என்று வைத்துவிட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

30 நவம்பர்
கரண்ட் போய்விட்டது.

2 டிசம்பர்
ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்துவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். அரசூரில் நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். விழுப்புரத்தில் மாமா போனை எடுக்கவில்லை.

5 டிசம்பர்
விழுப்புரம் போனேன். வீட்டுக்குள் தண்ணீர் முழங்கால் அளவு நின்று வடிந்திருக்கிறது. மாமி ரேஷன் கார்டையும் பாஸ்புக்கையும் திண்ணையில் விரித்து, பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். மாமா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் வெள்ளம் புகுந்த கதையைச் சொல்லாமல் அந்தப் பாலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். தூணில் அபாயக் கோடு போட்டிருக்குமாம். மழைக்காலத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் போடுவார்களாம்.

“தண்ணி கோட்டத் தொட்டா செவப்புக் கொடிதாம்மா. எந்த வண்டியா இருந்தா என்ன.”

“மேல கேக்க மாட்டாங்களா மாமா?”

“நிறுத்திட்டுத்தான் சொல்லுவாங்க. கேட்டுட்டு நிறுத்துறதுக்குக் கோடு எதுக்கு?”

“திட்டு விழாதா?”

“விழும்” என்றார், சேற்றைத் தள்ளிக்கொண்டே.

6 டிசம்பர்
வேலை ஓடவில்லை. இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது.

8 டிசம்பர்
ஞாயிறு. யாரும் சொல்லாமலே அந்த ரசீது ஃபங்ஷனை மாற்றி எழுதினேன். இப்போது அது புதிய கோடு. டெஸ்ட் எங்கே என்கிறது கேட். எழுதினேன். டேட்டாபேஸை அணைத்துவிட்டு ஓட்டினால் திரையில் முதல்முறையாக ‘சேமிக்க முடியவில்லை’ என்று வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதுக்கா சந்தோஷம் என்று கேட்டார்.

10 டிசம்பர்
காலையில் குவாலிட்டி கேட் வெயிட்டைப் போட்டுவிட்டேன். மாலை 4 மணிக்கு முதல் சிவப்பு. லீடின் சொந்த மெர்ஜ். குழுவில் “யார் மாத்தினது?” என்று கேட்டார். நான்தான் என்று போட்டேன். “வியாழக்கிழமை ரிலீஸ் இருக்கு, எடுத்துடுங்க.” நாளை காலை பேசலாம் என்று எழுதியிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.